கெட் ஷீ முதலாம் எண் உண்மையிலேயே இறந்துவிட்டதா? (ஃபைனல் ஃபேன்டஸி 7, கதை தெரியாதவர்கள் உள்ளே வர வேண்டாம்)

இரவுக்கணக்கு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது, இங்கே கேட்டால்தான் சரியாக இருக்கும் என்று தோன்றியது.

நான் தலைகீழாக வந்தவன். இந்த வீடியோ கேமைப் புதிதாகச் செய்து வெளியிட்ட 2020 ரீமேக்கை முதலில், அதன் தொடர்ச்சியான 2024 ரீபர்த்தை அப்புறம், இரண்டையும் முடித்த கையோடு 1997-இல் வந்த அசல் ஆட்டத்தைத் தொடங்கினேன். என் மகளுக்கு ஒன்பது வயது. சனி, ஞாயிறு இரவுகளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள், திரையில் வரும் ஆங்கில வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அவளுக்குக் கதாநாயகன் கிளவுடும் பிடிக்கவில்லை, அவன் தோழி டிஃபாவும் பிடிக்கவில்லை. கோல்ட் சாசர் என்ற கேளிக்கைப் பூங்காவில் கிரீடமும் சிவப்புப் போர்வையுமாக, ஒரு பெரிய மூகிள் பொம்மையின் தோளில் உட்கார்ந்துகொண்டு ஜோசியம் சொல்ல வந்த அந்தப் பூனைதான் பிடித்தது. அதன் பிறகு எந்தச் சண்டைக்குப் போனாலும் கெட் ஷீ அணியில் இருக்க வேண்டும் என்று அடம்.

அது எதிரி நிறுவனமான ஷின்ராவின் உளவாளி என்று தெரிந்தபோதுகூட அவள் விட்டுக்கொடுக்கவில்லை. சரி, இப்போது பண்டையோர் கோயிலுக்கு வருகிறேன். அந்தக் கோயிலே பிளாக் மட்டீரியா என்ற மந்திரக்கல்தான், உள்ளே ஒருவர் நின்று புதிர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தால் கோயில் சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் கைக்குள் அடங்கும், ஆனால் உள்ளே நிற்பவர் நசுங்கிப்போவார். யார் போவது என்று எல்லோரும் திகைத்து நிற்கும்போது கிளவுடின் தொலைபேசி அடிக்கிறது. கெட் ஷீ பேசுகிறது, நான் வெறும் பொம்மைதானே, இந்த உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறது. போவதற்கு முன், அணியில் இருக்கும் ஏரித் என்ற பெண்ணுக்கும் கிளவுடுக்கும் பொருத்தம் பார்த்துச் சொல்கிறது. என்னைப் போல பொம்மைகள் நிறைய உண்டு, ஆனால் நான் ஒருவன்தான், வேறொரு கெட் ஷீ வந்தாலும் என்னை மறந்துவிடாதீர்கள் என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறது. அந்த வரியைத் தமிழில் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது.

கொஞ்ச நேரத்திலேயே இரண்டாம் எண் வந்து குதிக்கிறது. அதே பூனை, அதே மூகிள், அதே கிரீடம்.

மகள் கேட்டாள்: "அப்பா, இது அதே பூனையா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. காரணம் சொல்கிறேன். அவளுக்கு நான்கு வயதில் ஒரு துணி முயல் இருந்தது. ஊருக்குப் போகும்போது அதை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டோம். அதே கடையில் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன். கையில் வாங்கி, காதை மோந்து பார்த்து, "இது அது இல்லை" என்று கட்டிலில் வைத்துவிட்டாள். அழவில்லை. அப்புறம் அந்த முயலை அவள் தொடவே இல்லை.

ஆக என் கேள்வி: அந்தப் பொம்மையைப் பின்னால் இருந்து இயக்குபவர் ஷின்ரா அதிகாரி ரீவ் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் கோயிலில் இறந்தது யார்? யாருமே இல்லையா? இல்லை என்றால் அந்த இடத்தில் ஏன் இவ்வளவு வலிக்கிறது? அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

---

கடைசித்தொடர்வண்டி எழுதியது:

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பாத்திரத்தைப் பலர் வேடிக்கைக்குச் சேர்த்த ஒன்றாக நினைத்துக் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ரீவை நீங்கள் கோல்ட் சாசருக்கு வெகு முன்பே பார்த்துவிட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ஷின்ரா கட்டடத்தில் கழிப்பறை வழியாகக் காற்றுக்குழாய்க்குள் ஏறிக் கூட்டத்தை ஒட்டுக்கேட்கும் காட்சி. மிட்கார் நகரத்தின் ஏழாவது செக்டர் மக்கள் தலையில், மேல்நகரத்தைத் தாங்கும் தட்டை ஷின்ராவே தள்ளிவிட்டு, அவர்கள் நசுங்கிச் சில மணி நேரம்தான் ஆகியிருக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒரே ஒருவர்தான் அந்தப் பகுதியை மீண்டும் கட்டுவது பற்றிப் பேசுகிறார். தலைவர் அதைத் தள்ளிவிட்டு, ஷின்ரா விற்கும் மாக்கோ எரிசக்தியின் கட்டணத்தை 15 சதவீதம் ஏற்றச் சொல்கிறார். அந்த ஒருவர் மக்கள் அதிருப்தி அடைவார்கள் என்று முனகுகிறார், யாரும் காதில் வாங்கவில்லை, அத்தோடு அவர் அடங்கிப்போகிறார். அவர்தான் ரீவ், நகர வளர்ச்சித் துறைத் தலைவர். மிட்காரைக் கவனித்துக்கொள்ள வேண்டிய மனிதர், அந்த நகரத்தின் ஒரு துண்டையே தன் நிறுவனம் இடித்துத் தள்ளுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவர்.

ரீமேக்கில் தட்டு விழும்போது ஒரு பூனை வந்து பார்த்து முழங்காலில் விழுந்து தரையைக் குத்துமே, அசலை ஆடாதவர்கள் பலருக்கு அது ஏன் வருகிறது என்றே புரியவில்லை. இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். கூட்ட அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதனால் அப்படி விழ முடியாது. பொம்மையால் முடியும்.

என் பார்வையில் கெட் ஷீ என்பது ரீவ் போட்டுக்கொண்ட வேஷம் மட்டும் இல்லை. கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு பேச முடியாததை எல்லாம் அந்தப் பொம்மை பேசியது. முதலில் பொய்யாகத்தான் பேசியது, உளவு பார்க்கத்தானே அனுப்பினார்கள். ஆனால் கிளவுட் கூட்டத்தோடு மலை ஏறி, ஊர் ஊராகத் தங்கி, அவர்கள் சிரிப்பதையும் சண்டை போடுவதையும் பார்த்துப் பார்த்து, நூலைப் பிடித்திருந்த கையே மாறிவிட்டது. பொம்மலாட்டத்தில் ஆட்டுகிறவர்தான் பொம்மையை ஆட்டுவார், இங்கே போகப்போகப் பொம்மை ஆட்டுகிறவரை ஆட்டுகிறது. எனக்குத் தெரிந்து ஆட்டங்களில் வேறு எங்கும் இதை இவ்வளவு நன்றாகச் செய்யவில்லை.

இறந்தது யார் என்றால், அந்தப் பயணத்தில் கூடவே நடந்த உடம்பு இறந்தது. கோல்ட் சாசரில் இருந்து அடிபட்டு, மழையில் நனைந்து வந்த உடம்பு அது. இரண்டாம் எண்ணிடம் அந்தத் தழும்பு ஒன்றும் இல்லை. ரீவுக்கு நினைவு இருக்கிறது, சரி, ஆனால் அந்தப் பூனைக்கு இல்லை. மகளிடம் "ஓட்டுகிறவர் அதே ஆள், வண்டி வேறு" என்று சொல்லிப் பாருங்கள்.

---

ஒன்பதாம்படி எழுதியது:

மேலே நண்பர் அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் ஒரு பெரிய விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டார். மார்லீன்.

அந்தக் கோயிலைத் திறக்கும் கீஸ்டோனைத் திருடி ஷின்ராவின் ஆளான செங்கிடம் கொடுத்துவிட்டு, பிடிபட்டதும் அந்தப் பூனை என்ன செய்தது? அணியில் இருக்கும் பாரெட்டின் வளர்ப்பு மகள் மார்லீனின் குரலைக் கேட்கவைத்தது. குழந்தை பிணையாக இருக்கிறாள், என்னை விரட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்றது. அதற்கு அடுத்த மூச்சிலேயே, உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் எதுவும் நடக்காதது மாதிரி தொடர்ந்து போவோமே என்றது. எனக்கும் சின்னப் பெண் இருக்கிறாள். அந்தக் காட்சியில் பாரெட் இடத்தில் நான் இருந்தால் என்று நினைத்த பிறகு கெட் ஷீயை அணியில் சேர்க்கவே மனம் வரவில்லை, ஆட்டம் முடியும்வரை சேர்க்கவில்லை.

நல்லவன் என்கிறீர்கள். நல்லவன் ஏன் அந்தக் குழந்தையைப் பிடித்து வைத்தான்? கோயிலில் கொடுத்தது ஒரு பொம்மையை. கிடங்கில் அடுத்தது தயாராக இருந்தது. பாரெட் இழந்த ஊரும் மனைவியும் எந்தக் கிடங்கில் இருக்கிறார்கள்? தியாகம் என்ற சொல்லை அங்கே போடுவது எனக்கு ஒப்பவில்லை. இரவுக்கணக்கு, வருத்தப்படாதீர்கள், மகளுக்கு அந்தப் பூனை பிடிக்கட்டும், ஆனால் வளர்ந்த பிறகாவது இதையும் சொல்லுங்கள்.

---

கடைசித்தொடர்வண்டி எழுதியது:

ஒன்பதாம்படி, நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். மார்லீன் விஷயம் அசிங்கம், கதையே அதை மூடி மறைக்கவில்லை.

ஆனால் மிட்கார் மேல் அந்தக் கூட்டம் கடைசியாகப் படையெடுக்கும் சமயத்தில் பாரெட்டும் கெட் ஷீயும் மோதிக்கொள்வார்களே, அதை ஒருமுறை திரும்பப் பாருங்கள். பாரெட், தாங்கள் ஷின்ராவின் மாக்கோ உலையை வெடிக்கவைத்தது கிரகத்தைக் காப்பாற்றத்தான், சிலர் சாகத்தான் செய்வார்கள் என்ற மாதிரி பேசுவார். அந்தப் பூனை முதல்முறையாகக் கொதித்துப்போய், உங்களுக்குச் சிலர், செத்தவர்களுக்கு அதுதான் எல்லாமே என்று கேட்கும். கிரகத்தைக் காப்பாற்றுகிறேன் என்றால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது, அதற்காக எதை வேண்டுமானாலும் செய்யலாமா என்று கேட்கும். பாரெட்டிடம் அதற்குச் சரியான பதில் இல்லை. ஏழாவது செக்டருக்கு முன்னால் முதல் உலை வெடித்ததிலும் மிட்கார் மக்கள் செத்தார்கள், அவர்களுக்காகப் பேச இந்தப் பொம்மையைத் தவிர அந்தக் கூட்டத்தில் ஆள் இல்லை. இரண்டு பக்கத்துக் கையிலும் இரத்தம் இருக்கிறது, இருவருக்கும் அது தெரியும், தெரிந்துகொண்டே ஒரே கப்பலில் போகிறார்கள். எனக்கு அந்த ஆட்டத்திலேயே மிகவும் பிடித்த இடம் அது.

---

ஒசாகாமல்லி எழுதியது:

நான் ஒசாகாவில் ஆறு வருடமாக இருக்கிறேன், அதனால் மொழி பற்றி ஒன்று சொல்லலாம் என்று வந்தேன், ஆங்கிலத்தில் ஆடினால் இது சுத்தமாகத் தெரியாது.

ஜப்பானிய அசலில் கெட் ஷீ கன்சாய் வழக்கில் பேசும். அதாவது ஒசாகா, கியோட்டோ, கோபே பக்கத்துப் பேச்சு. இங்கே மேடை நகைச்சுவைக்காரர்கள் பலர் பேசுவது, சந்தைக் கடைகளில் கேட்பது எல்லாம் இதுதான். ஷின்ரா கூட்ட அறையில் ரீவ் பேசுவதோ பொதுவழக்கு, அலுவலக ஜப்பானியம், ஒரு சொல் பிசகாது. நம் ஊரில் யோசித்துப் பாருங்கள், செய்தி வாசிப்பவர் மாதிரி பேசும் ஒரு அதிகாரி, பொம்மையைக் கையில் எடுத்ததும் "என்னங்ணா, எங்க போறீங்க" என்று கோவைத் தமிழில் இறங்கினால் எப்படி இருக்கும்? கேட்பவருக்கு உடனே ஒரு நெருக்கம் வந்துவிடும். உளவாளிக்கு அது வசதி. ஆனால் ஒரு மனிதன் தனக்கு மனது விட்டுப் பேச ஒரு வழக்கைத் தேர்ந்தெடுக்கிறான் என்றால் அதில் பாதியாவது நிஜம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ரீபர்த் ஆங்கிலப் பதிப்பில் ஸ்காட்லாந்து உச்சரிப்பு கொடுத்திருக்கிறார்கள். அதுவும் சும்மா இல்லை. கெட் ஷீ என்ற பெயரே ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் தேவதைப் பூனையின் பெயர், மார்பில் வெள்ளைப் புள்ளியோடு கறுப்பாக இருக்கும் என்பார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பலர் கெய்ட் சித் என்று படிக்கிறார்கள், கேலிக் மொழியில் கடைசி எழுத்து வாயில் வராது, ஷீ என்று முடிந்துவிடும். ஜப்பானியர்களும் கெட் ஷீ என்றுதான் சொல்கிறார்கள். இரவுக்கணக்கு சரியாகவே எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி.

அப்புறம் ஜோசியம் பற்றி. இது யாரும் இங்கே சொல்லவில்லை. கோல்ட் சாசரில் கிளவுட், தான் தேடும் எதிரி செஃபிராத் எங்கே என்று கேட்டதும் சீட்டு வரும், முதல் இரண்டும் தெருவோர ஜோசியம் மாதிரி ஏதோ உளறல். மூன்றாவது சீட்டில், தேடுவது கிடைக்கும், ஆனால் மிகவும் பிரியமான ஒன்றை இழப்பாய் என்று இருக்கும். இப்படி ஒரு பலன் எனக்கு வந்ததே இல்லை, என்ன ஆகிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லித்தான் அது கூடவே கிளம்பும். அப்போது அது உளவாளி, கூட வருவதற்கு ஒரு சாக்கு வேண்டும், அதற்காகச் சொன்ன ஜோசியம். அது அப்படியே பலித்தது, ஏரித் இறந்துவிட்டாள். கோயிலில் கடைசியாகச் சொன்னதோ மனதார நட்போடு சொன்ன ஜோசியம்: இரண்டு பேருடைய நட்சத்திரமும் பொருந்துகிறது, அமோகமான எதிர்காலம், உங்கள் கல்யாணத்துக்கு நானே எல்லாம் செய்கிறேன், உளவாளி என்று தெரிந்தும் என்னை நம்பியதற்கு நன்றி. அது பலிக்கவில்லை. பலிக்க நேரமே இல்லை, அதே டிஸ்க் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நீங்கள் ஏன் வலிக்கிறது என்று கேட்டீர்களே, எனக்கு அந்த இடத்தில்தான் வலிக்கும். பொய்க்குச் சொன்னது நடந்தது, ஆசைப்பட்டுச் சொன்னது நடக்கவில்லை. அந்தப் பொருத்தத்தைக் கேட்டு ஏரித் சந்தோஷப்பட்டாள் அல்லவா, அந்தச் சந்தோஷம் மட்டும் நிஜம்.

---

பழையசீவட்டு எழுதியது:

உணர்ச்சிப் பக்கத்தை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள், நான் சண்டைப் பக்கம் வருகிறேன், ஏனென்றால் ஒன்பது வயதுக் குழந்தை அடம்பிடித்தால் கெட் ஷீயை வைத்தே ஆட்டத்தை முடிக்க வேண்டி வரும். முடிக்கலாம், பயப்படாதீர்கள்.

லிமிட் பிரேக், அதாவது சிறப்புத் தாக்குதல், அதற்கு இரண்டே இரண்டுதான், மற்றவர்களைப் போல நான்காம் நிலை வரை போகாது. முதலாவது பகடை, அந்தப் பாத்திரம் வளர வளரப் பகடைகளின் எண்ணிக்கையும் கூடும். இரண்டாவது ஸ்லாட் இயந்திரம், கெட் ஷீ கையால் 40 எதிரிகள் விழுந்த பிறகு திறக்கும். இதில் கவனம் வேண்டும். நல்லபடியாக விழுந்தால் எதிரிக் கூட்டமே ஒரே அடியில் காலி. கெட்டதாக விழுந்தால் உங்கள் மூன்று பேருமே செத்து ஆட்டம் முடிந்துவிடும், இது மிரட்டல் இல்லை, உண்மையிலேயே அப்படி ஒரு சேர்க்கை இருக்கிறது. சேமித்து ரொம்ப நேரம் ஆகியிருந்தால் ஸ்லாட்டைத் தொடாதீர்கள், பகடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆயுதம் மெகாஃபோன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், மகளிடம் அவசியம் காட்டுங்கள். முதல் டிஸ்க்கில் ஷின்ரா கட்டடத்தின் 64-ஆவது மாடியில் பொருள் வைக்கும் லாக்கர்கள் இருக்கும். ஒன்றைத் திறந்தால் உள்ளே ஒரு மெகாஃபோன் இருக்கும், ஆனால் எடுக்க முடியாது, இப்போது இதனால் பயன் இல்லை என்று விட்டுவிடுவார்கள். கெட் ஷீ என்று ஒரு பூனை உண்டு என்பதே அப்போது நமக்குத் தெரியாது. இரண்டாவது டிஸ்க்கில் மிட்காருக்குள் திரும்பி வரும்போது அதே லாக்கருக்குப் போனால் எடுத்துக்கொள்ளலாம். அதுதான் கெட் ஷீயின் கடைசி ஆயுதம், ஹெச்பி ஷவுட். உயிர் நிறைய இருந்தால் அடி பலமாக விழும், அதனால் மருந்து கொடுத்துக்கொண்டே இருங்கள். ஷின்ரா ஊழியர் ஒருவரின் லாக்கரில் அது முதல் நாளிலிருந்தே கிடந்திருக்கிறது. 1997-இல் வந்த ஆட்டம், யாரும் கவனிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று இதை வைத்திருக்கிறார்கள். முதல்தடவை ஆடியபோது நான் தவறவிட்டேன், இரண்டாம் தடவை பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்ப வரும் வழியில் இதை மறந்துவிடாதீர்கள், அந்தப் படையெடுப்பு முடிந்தால் கட்டடத்துக்குள் மறுபடி போக முடியாது.

ரீபர்த்தில் நிபெல்ஹைம் மாளிகைக்குள் கெட் ஷீயை வைத்துப் பெட்டிகளைத் தூக்கி எறியச் சொல்வார்களே, அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அந்த ஒரு பகுதியால் எத்தனையோ பேருக்கு இந்தப் பூனையின் மேல் வெறுப்பு வந்தது, அதற்கு அது என்ன செய்யும்?

---

கடைசித்தொடர்வண்டி எழுதியது:

லாக்கர் விஷயம் எனக்கே மறந்துபோயிருந்தது, நன்றி.

இன்னொன்றும் சேர்த்துவிடுகிறேன். இதே கதையின் தொடர்ச்சியாக 2006-இல் வந்த டர்ஜ் ஆஃப் செர்பரஸ் ஆடியிருக்கிறீர்களா? அதில் ரீவ், கதாநாயகனான வின்சென்ட்டைப் பார்க்க வருவார், சண்டையில் அடிபடுவார், பார்த்தால் அது ரீவே இல்லை, ரீவ் மாதிரி செய்த பொம்மை, உள்ளேயிருந்து கெட் ஷீ எட்டிக் குதிக்கும். மனிதன் பூனைக்குள் ஒளிந்த கதை, பூனை மனிதனுக்குள் ஒளிந்த கதையாகிவிட்டது. மகள் இதைப் பார்த்தால் சிரிப்பாள்.

---

இரவுக்கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்பதாம்படி, உங்களுக்குத் தனியாக நன்றி, மார்லீன் பற்றி நேற்று மகளிடம் மறுபடி பேசினேன். "அது தப்பு, அதனாலதான் கடைசியில நன்றி சொல்லிட்டுப் போச்சு" என்றாள். அவள் கணக்கு அது, நான் திருத்தவில்லை.

வண்டி வேறு, ஓட்டுகிறவர் அதே ஆள் என்றும் சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப ரீவ் அங்கிளுக்கு அந்தப் பூனை செத்துப்போனது தெரியும், இந்தப் பூனைக்குத்தான் தெரியாது" என்றாள். ஆமாம் என்றேன். "அவருக்கு அழுகை வந்திருக்குமா?" ஆட்டத்தில் அதைக் காட்டவில்லை, அந்த நேரத்தில் அவர் எந்த அறையில் உட்கார்ந்து, திரை இருட்டானபோது என்ன செய்தார் என்று காட்டவே இல்லை. அப்படியே சொன்னேன்.

ரீவ் இனிமேல் எப்போதும் தனியாக உட்கார்ந்துதான் இயக்குவாரா என்று கேட்டாள். தெரியாது என்றேன். இரண்டாம் எண்ணை இப்போது அணியில் வைத்திருக்கிறோம், அவளே கேட்டாள். ஆனால் பெயர் மாற்ற வேண்டும் என்கிறாள், ஆட்டத்தில் முதலில் சேரும்போது மட்டும்தான் பெயர் வைக்க முடியும் என்பதால், நான் வசனத்தைத் தமிழில் சொல்லும்போது மட்டும் அதைத் "தம்பி" என்று கூப்பிட வேண்டுமாம். முதலாம் எண்ணுக்குத்தான் கெட் ஷீ என்ற பெயர்.

பழையசீவட்டு, லாக்கர் சாவி மாதிரி ஏதாவது வேண்டுமா, இல்லை நேராகப் போய்த் திறந்தால் போதுமா? இந்தச் சனிக்கிழமை மிட்காருக்குள் இறங்குகிறோம்.

---

பழையசீவட்டு எழுதியது:

சாவி எதுவும் வேண்டாம். 64-ஆவது மாடி, உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கும் தளம், லாக்கர்களுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பொத்தானை மகளே அமுக்கட்டும்.